அந்த ஒரு பேரை யாரு விட்டது?

கெசையா: ஆப்பிள் சைடரை அப்புறம் குடிங்க. மொதல்ல பதில் சொல்லுங்க. எம் புருஷன் ஜெயில்ல இருந்து வருவாரா, மாட்டாரா?

ஆசா: வருவாரு அண்ணி! அண்ணன் வந்துட்ட மாதிரியே வெச்சுக்கங்க. வர்ஜீனியாக்காரரு ஜனாதிபதி ஆயிட்டா, பத்திரிகையில எழுதுனதுக்காக உள்ள போன எல்லாரையும் விட்டுடுவாரு.

கெசையா: ஆயிட்டான்னா? ஆவாரா? நம்ம மாநிலத்து சார்பா ஜனாதிபதிக்கு ஓட்டு எழுதத்தானே உங்க ரெண்டு பேரையும் அனுப்புனது?

பெனோனி: எழுதி, மூடி, அரக்கு முத்திரை வெச்சு, குதிரைக்காரன் வாஷிங்டனுக்குக் கெளம்பியாச்சும்மா. கறுப்பு ரிப்பன் குத்திக்கிட்டுத் திரியற அந்த எதிர்க்கட்சி ஃபெடரலிஸ்ட் பசங்க மூஞ்சியப் பாக்கணுமே... புளிச்ச மோரு குடிச்ச மாதிரி!

கெசையா: சிரிக்காதீங்க அய்யா. எனக்கு ஒண்ணும் புரியல. ஒவ்வொருத்தரும் ரெண்டு பேரை எழுதணுமாமே?

ஆசா: ஆமா. நம்ம கட்சியில ஒண்ணு வர்ஜீனியாக்காரரு, இன்னொண்ணு நியூயார்க்காரரு. ஜாஸ்தி ஓட்டு வாங்குனவரு ஜனாதிபதி, அடுத்தவரு துணை.

கெசையா: எல்லாரும் அந்த ரெண்டு பேரையே எழுதுனா... சமமால்ல வரும்?

பெனோனி: அப்படிக் கேளு! அதுக்குத்தான் நம்ம ஆளுங்கள்ல ஒருத்தன், ஒரே ஒருத்தன், நியூயார்க்காரரு பேரை விட்டுட்டு வேற எவனாவது கிழவன் பேரை எழுதணும். அந்த வேலையை எங்க ரெண்டு பேரு தலையில கட்டிட்டாங்க.

கெசையா: சரி, யாரு விட்டது?

ஆசா: அவரு.

பெனோனி: இவன்.

கெசையா: ...என்னது?

ஆசா: அதாவது... நான்தான். நான் விட்டேன் அண்ணி.

பெனோனி: நீ எங்கடா... நான்தான்மா விட்டேன்.

கெசையா: ரெண்டு பேருமா? பேசி வெச்சுக்கலியா?

பெனோனி: எங்க பேசுறது? நடுவுல ஒரு ஃபெடரலிஸ்ட்காரன் கழுத்தை நீட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கான். நான் இவனைப் பாத்து தலைய ஆட்டுனேன். இவனும் ஆட்டுனான்.

ஆசா: நீங்க ஆட்டுனது ‘நான் விடறேன்’னுதானே?

பெனோனி: ‘நீ விடு’ன்னு! ...இல்ல... ஆமா ஆமா, நான் விடறேன்னுதான்.

கெசையா: ரெண்டு பேரு விட்டா என்ன, நல்லதுதானே?

ஆசா: எங்க நல்லது? போட்டி நெருக்கம் அண்ணி. ரெண்டு ஓட்டு கொறைஞ்சா எதிர்க்கட்சிக்காரன் நியூயார்க்காரரைத் தாண்டி துணை ஜனாதிபதியா வந்து ஒக்காந்துடுவான்.

கெசையா: நம்ம ஆளு மேல, அவங்க ஆளு கீழ... ஒரே அரசாங்கத்துலயா?

பெனோனி: நாலு வருஷமா அந்தக் கூத்துதானே நடக்குது! மேல அவங்க ஆளு, கீழ நம்ம ஆளு.

கெசையா: இப்படி ஒரு சட்டத்தை எவன் எழுதுனான்?

பெனோனி: அதை எழுதுறப்ப கட்சின்னே ஒண்ணு கிடையாதும்மா. எல்லாரும் நல்லவனாப் பாத்து எழுதுவாங்கன்னு நெனச்சுட்டாங்க, பாவம்.

கெசையா: கீழ எவன் வேணா இருந்துட்டுப் போறான். வர்ஜீனியாக்காரரு மேல வந்தா எனக்குப் போதும். செவ்வாக்கெழமை ஜெயிலுக்குப் போயிருந்தேன்... இருமறாரு. கம்பளியில ரத்தம். இன்னொரு குளிர்காலம் தாங்க மாட்டாரு... சரி, சோள ரொட்டி ஆறுது, சாப்பிடுங்க. ரெண்டு பேரும் விட்டதே நல்லது.

பெனோனி: ...அம்மா... எனக்கு வெக்காத.

கெசையா: ஏன்?

பெனோனி: நான் விடல.

ஆசா: என்ன?!

பெனோனி: ரெண்டு பேரையும் எழுதிட்டேன். வேற மாநிலத்துல யாரோ விடறாங்கன்னு ஒரு கடுதாசி வந்துச்சு... நாம எதுக்கு அந்த நியூயார்க்காரரை அவமானப்படுத்தணும்னு... அதுவும் இல்லாம உன் கொழுந்தன் எப்படியும் விட்ருவான், உள்ள இருக்கறது கூடப் பொறந்த அண்ணனாச்சேன்னு...

கெசையா: அட, பொய்யா சொன்னீங்க? ...இருங்க, இருங்க! நீங்க விடல. தம்பி விட்டிருக்காரு. அப்ப ஒண்ணே ஒண்ணு! அதுதானே வேணும்? ஒக்காருங்க அய்யா, ரெண்டு ரொட்டியா சாப்பிடுங்க!

பெனோனி: ஆமால்ல! டேய் ஆசா, பொழைச்சோம்டா! ...என்னடா?

கெசையா: தம்பி... எதுக்கு இப்ப தொப்பியை எடுக்கறீங்க?

ஆசா: குதிரைக்காரன்... எந்நேரம் கெளம்புனான்?

பெனோனி: மத்தியானமே. இந்நேரம் ஆத்தைத் தாண்டியிருப்பான். ஏன்?

கெசையா: தம்பி, என்னைப் பாருங்க. சமமா வந்தா என்ன ஆகும்?

ஆசா: முடிவு பண்ற வேலை பிரதிநிதிகள் சபைக்குப் போகும். அண்ணனை உள்ள வெச்ச ஃபெடரலிஸ்ட்காரங்கதான் அங்க ஜாஸ்தி. அவங்க யாரை வேணா...

கெசையா: நீங்க அந்தப் பேரை விட்டீங்கதானே?

ஆசா: விடணும்னுதான் அண்ணி பேனாவை எடுத்தேன்... திடீர்னு ஒரு பயம். ஒருவேளை அந்த நியூயார்க்காரரே ஜெயிச்சு வந்துட்டா... தன் பேரை விட்டவனோட அண்ணனை அவரு வெளிய விடுவாரா? ...எழுதிட்டேன் அண்ணி. நானும் ரெண்டையும் எழுதிட்டேன்.