பாலத்து மேல் மரியாதை

— சாவியை மேசை மேல வெச்சுட்டு அப்பறம் பேசுங்க, நர்மதா டீச்சர்.

— வெச்சுட்டேன் சார். அதாவது, நீங்க கரஸ்பாண்டென்ட், நீங்க சொன்னா ரோபோ ரூமை மூடித்தான் ஆகணும். ஆனா மூடற அளவுக்கு அங்க ஒண்ணும் நடந்துடல சார்.

— அதையேதானுங்க நானுஞ் சொல்றேன். ஒண்ணுமே நடக்கல. நான் போர் போடற ரிக் வண்டியோட ஆந்திரா போயிட்டு வாரதுக்குள்ள, ரோபோ போட்டி பைனல்ல போயி நம்ம மெஷினு ஒரு பந்தைக்கூடத் தொடாம நின்னுட்டு வந்திருக்குது. பாறையில ஆயிரம் அடி ஓட்டை போட்டு வெறும் புகை வந்தாக்கூட, சுத்தி இருக்கற ஊடெல்லாம் வெள்ளையா தூசி படியும். வேலை நடந்ததுக்கு ஒரு அடையாளம் இருக்கும். இதுல அதுகூட இல்ல. காலையில செவ்வாய்ப்பேட்டைக்கு மளிகை எடுக்கப் போனா, கடைக்காரரு கேக்கறாரு, உங்க மெஷினு நின்ன எடத்துலயே வேரு உட்டுருச்சாமேன்னு. திங்கக்கெழமை அந்த ரூம்பு நீட் கோச்சிங்குக்குப் போகுது. பெஞ்சுக்குச் சொல்லியாச்சு.

— ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க சார். பிரபாவும் வந்திருக்கா. புரோகிராம் எழுதுனது அவதான்.

— வா சாமி. பதினொண்ணாவதுதானே. அங்கியே நில்லு, உன்னைய அப்பறம் கேக்கறேன். டீச்சர், நீங்க சொல்லுங்க. ஆத்தூர்க்காரங்க சுத்தி வளைச்சுத்தான் வருவீங்க. எனக்கு நேரா வாங்க.

— அதாவது சார், போட்டி நடத்தறவங்க எல்லா ஸ்கூலுக்கும் ஒரே மாதிரி ஒரு போர்டு தருவாங்க. சக்கரத்தை ஓட்டறது, கையைத் தூக்கறது எல்லாம் அதோட வேலை. ஆனா அதுக்குக் கண்ணு தெரியாது. யோசிக்கவும் வராது.

— டிரைவர்.

— ஆமா சார். அதனால பக்கத்துல நாமளே சின்னதா இன்னொரு போர்டு வெச்சுக்கலாம். கோ-பிராசசர்னு பேரு. அது கேமராவுல பாத்து, இது பந்து, இது செவுரு, இந்தப் பக்கம் திரும்புன்னு பெரிய போர்டுக்குச் சொல்லிக்கிட்டே வரும்.

— கிளீனர். அப்பிடியே சொல்லுங்க, எனக்குப் புரியும்.

— அந்தக் கிளீனருக்குள்ள நாம என்ன புரோகிராம் போட்டாலும், போட்டிக்கு முன்னாடியே இன்டர்நெட்ல எல்லாரும் பாக்கற மாதிரி போட்டுடணும் சார். ஓப்பன் சோர்ஸ். யாரு வேணாலும் எடுத்துக்கலாம், மாத்திக்கலாம். அது விதி.

— நம்ம கிளீனரோட மூளைய.

— ஆமா சார்.

— சும்மா.

— சும்மாதான் சார். நாமளும் மத்தவங்க போட்டதுலேருந்து பாதி எடுத்தோம்.

— எடுத்ததைச் சொல்லாதீங்க, குடுத்ததைச் சொல்லுங்க. ஆரு எடுத்தா நம்முளுதை?

— நிறைய பேரு சார். மல்லசமுத்திரத்துல உங்க மச்சான் நடத்தற ஸ்கூல்லயும் எடுத்தாங்க. நன்றின்னு எழுதிக்கூடப் போட்டாங்க.

— மாதையன் ஸ்கூல்லயா? எங்கக்காளைக் கட்டிட்டுப் போன நாள்ல இருந்து அந்த மனுசன் வாயில அந்த வார்த்தைய நான் கேட்டதில்லீங்க. பைனல்ல நமக்கு எதுக்க நின்னதும் அவரு மெஷினுதானே?

— அவங்களதுதான் சார்.

— அப்ப எனக்குக் கிளீனரா இருக்கறவனே அவரு வண்டியிலயும் தொத்திட்டுப் போறான். சரி, மேல சொல்லுங்க. ஏன் நின்னுச்சு?

— அதாவது, களத்துக்கு நடுவுல ஒரு பாலம் சார். ஒரு நேரத்துல ஒரு மெஷின்தான் போக முடியும். நாம எடுக்க வேண்டிய பந்தெல்லாம் அந்தப் பக்கம், அவங்க எடுக்க வேண்டியது இந்தப் பக்கம். கையால யாரும் ஓட்டக்கூடாது, மெஷின் தானாத்தான் போகணும். ரெண்டையும் பாலத்தோட ரெண்டு முனையிலயும் நிறுத்தி விசில் ஊதுனாங்க. நம்மது ஒரு சாண் முன்னாடி போச்சு. எதிர்ல ஒரு மெஷின் நிக்கறதைப் பாத்துச்சு. பின்னாடி வந்து ஒதுங்கி நின்னுச்சு.

— எதுக்கு?

— வழி விட்டுச்சு சார்.

— அவரு மெஷினு வந்துச்சா?

— வரல சார். அதுவும் நின்னுச்சு. தலையில நீல லைட்டு மட்டும் எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. நம்மது மறுபடி ஒரு சாண் போச்சு, பாத்துச்சு, பின்னாடி வந்துச்சு. மேட்ச் முடியற வரைக்கும் இதேதான். ரெண்டும் சம்பந்தம் பேசுதான்னு கேலரியில ஒருத்தர் கேட்டார். மைக்ல பேசிட்டு இருந்த பையன் மைக்கை வெச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டான். ஸ்கோர் எழுத உக்காந்திருந்த அம்மா பூ வாங்கி, கட்டி முடிச்சு, தலையிலயும் வெச்சுக்கிட்டாங்க சார்.

— நடுவருங்க?

— புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பாத்தாங்க. முட்டினா மார்க் குறையும், தள்ளினா வெளிய அனுப்பணும். அளவுக்கு மீறி மரியாதை குடுத்தா என்ன பண்றதுன்னு எங்கயும் போடல சார்.

— இப்பிடி நிக்கற மெஷினு பைனல் வரைக்கும் எப்பிடிங்க போச்சு?

— அதனாலதான் சார் போச்சு. முன்னாடி மேட்ச்ல எல்லாம் எதிராளி வேகமா முட்ட வருவாங்க. நம்மது ஒதுங்கிக்கும். அவங்க வந்த வேகத்துல பாலத்துக்குக் கீழ போயிடுவாங்க.

— ஒதுங்கியே ஜில்லாவையே ஜெயிச்சிருக்கறீங்க. ஒரு ஆளு முட்ட வரலீன்னா மட்டும் நமக்கு வழி தெரியல. அந்த ஒதுங்கற வரிய எழுதச் சொன்னது ஆருங்க? பேரைச் சொல்லுங்க. அந்த ஆளு இனி இந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ள கால் வெக்கக்கூடாது.

— எழுதுனது பிரபா. அவகிட்டச் சொன்னது நான். என்கிட்டச் சொன்னது நீங்க சார்.

— நானா?

— போன வருசம் ஆண்டு விழாவுல, சீஃப் கெஸ்ட்டுக்கு நம்ம மெஷின் மாலை போடப் போயி, அவரு வேட்டி சக்கரத்துல சுத்திக்கிச்சே சார்.

— சுத்திக்கிச்சு. மேடையில இருந்து கேட்டு வரைக்கும் இழுத்துட்டுப் போச்சு. வேட்டியோட இந்த முனைய நானும் ஹெட்மாஸ்டரும் புடிச்சுட்டு ஓடுனோம். பாக்கறவங்க தேருன்னு நெனச்சுக் கையெடுத்துக் கும்புட்டாங்க.

— அன்னிக்குத்தான் சார் சொன்னீங்க, இனிமே நம்ம மெஷினுக்கு எதிர்ல யாரு வந்தாலும் ஒதுங்கி நின்னு, அவங்க போனப்பறம்தான் அது போகணும்னு.

— மனுசங்களுக்குச் சொன்னனுங்க.

— யாரு வந்தாலும்னு சொன்னீங்க சார். பிரபா யாரையும் விடல.

— சரி. அந்தக் கால் வெக்கறதைப் பத்தி சொன்னேனே, அதை உட்டுருங்க. இப்ப ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நான் சொன்ன அதே வரி மாதையன் மெஷினுக்குள்ளயும் இருக்குதா?

— அதேதான் சார். ஒரு எழுத்து மாத்தல.

— அப்ப அவரு மெஷினு நின்னது நான் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு.

— அதாவது, அப்படியும் சொல்லலாம் சார். இன்னும் சொல்லப்போனா, அவங்களதுதான் நம்மளதை விட மரியாதையா நடந்துக்கிச்சு. நம்மதாவது ஒரு சாண் போயிட்டுப் போயிட்டு வந்துச்சு. அது இருந்த இடத்தை விட்டு அசையவே இல்ல.

— எங்கக்கா ஊட்டு விசேசத்துல ஒரு தடவைகூட என்னைய மொதப் பந்தியில உக்கார உட்டதில்லீங்க அந்த மனுசன். அவரு மெஷினு எனக்கு வழி உட்டுட்டு நிக்குது. கப்பு ஆருகிட்ட இருக்குது?

— ஆளுக்குப் பாதி வருசம்னு சொல்லிட்டாங்க சார். முதல்ல யாரு வெச்சுக்கறீங்கன்னு கேட்டாங்க. நம்ம பசங்க, முன்னாடி நீங்க வெச்சுக்கோங்கன்னு அவங்ககிட்டக் குடுத்துட்டாங்க.

— அதையும் நாந்தான் சொல்லிக் குடுத்தனா?

— அது அவங்களாக் கத்துக்கிட்டது சார்.

— செத்த இருங்க, ஒரு போன் போட்டுக்கறேன். அலோ, மச்சாங்களா? மாரியப்பன் பேசறனுங்க. சவுக்கியந்தானுங்க. அந்த பைனல் சேதி கேட்டனுங்க. தப்பா நெனைக்காதீங்க, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்க மெஷினு அங்க அசையாம நின்னுச்சே, அது எங்க புரோகிராமுனாலதானுங்களே? சரிங்க. சரிங்க. அப்பிடீங்களா. அதை நாலு பேரு மத்தியில சொல்லுவீங்களா? உங்க ஊருலயே பிளெக்ஸ் வெச்சாலும் சரிங்களா? ரொம்ப சந்தோசமுங்க. வெச்சர்றனுங்க.

— என்ன சார் சொன்னாரு?

— முழுசா ஒத்துக்கிட்டாருங்க. உங்க புரோகிராமுதான் மாப்ள, உங்க மரியாதைதான் மாப்ள, வேற ஒரு காரணமும் கெடையாது, எவனாச்சும் வேற சொன்னா நம்பாதீங்கங்கறாரு. வேற காரணம் இருக்குதான்னு நான் கேக்கவே இல்லீங்க, அவராத்தான் சொன்னாரு. மனசு எளகிட்டாரு டீச்சர். அந்தக் குரல்ல நான் அவரைக் கேட்டதே இல்ல.

— அப்ப ரூம் சார்?

— எந்த ரூம்பு? சாவிய எடுத்துப் பையில போடுங்க. நீட் பெஞ்சு சைக்கிள் ஷெட்டுல கெடக்கட்டும். நம்ம வெண்ணந்தூர் பஸ் ஸ்டேண்டுல அம்பதடிக்கு பிளெக்ஸ் வெக்கறோம். அந்த மெஷினு ஒரு பக்கம், இந்த மெஷினு ஒரு பக்கம், நடுவால என்ற படம். ரெண்டு மெஷினு, ஒரே மூளை, அது வெண்ணந்தூர் மூளைன்னு போடோணும். மல்லசமுத்திரத்துலயும் ஒண்ணு. அதுக்குக் கம்பம் நடறது எம் பொறுப்புன்னு மச்சானே சொல்லிட்டாரு. அடுத்த வருசத்துக்கு இன்னும் நாலு கிளீனரு வாங்கிக்குங்க.

— ரொம்ப தேங்க்ஸ் சார்.

— ஏஞ் சாமி, பிரபா, எல்லாரும் சந்தோசமா இருக்கறப்ப நீ மட்டும் மூஞ்சிய அப்பிடி வெச்சுட்டு நிக்கற? உன்ற பேரும் பிளெக்ஸ்ல வருது. புரோகிராமுல ஏதாச்சும் சந்தேகமா?

— புரோகிராமுல இல்லீங்கய்யா.

— பின்ன எதுல?

— அவங்க மெஷினு தலையில இருந்த நீல லைட்டு பவர் பேங்க்ல எரிஞ்சதுங்கய்யா. சக்கரத்துக்குப் போடற பேட்டரி, மேட்ச் முடியற வரைக்கும் அவங்க மேசை மேலயே சார்ஜ் ஏறிட்டு இருந்துச்சுங்க.