சகலை கார் டிக்கியில் இருந்த பாட்டில்

காலையில டீ குடிக்கும்போது நம்ம ரேணுகா ஒரு வார்த்தை சொன்னா. அதோ, மூணாவது வரிசையில தலையைக் குனிஞ்சுக்கிட்டா பாருங்க... அவதான். "பைபாஸ் ரோட்டு கார் வாஷ்ல என்ன மெஷின் வச்சிருக்காங்களோ, அதையே நானும் வாங்கணும். அதுக்கு மேலயும் ஒண்ணு வாங்கணும். அப்பத்தாம்மா எனக்குத் தூக்கம் வரும்!"

கார் கழுவி மெருகேத்துற பதினஞ்சு நாள் பயிற்சியை முடிச்சிட்டீங்க. நாளைக்கு எல்லாரும் சொந்தமாக் கடை போடச் சாமான் வாங்கப் போறீங்க. அஞ்சாவதோட நின்ன எனக்கு மெஷினைப் பத்தி என்ன தெரியும்? ஆனா அந்தத் தூக்கம் வராத வியாதி இருக்கே... அது நல்லாத் தெரியும். எங்க வீட்டுக்கே வந்துட்டுப் போச்சு. சின்னக் கதைதான், கேளுங்க.

எனக்கு ரெண்டு மருமகனுங்க. ரெண்டும் தங்கம், அதுல எனக்குப் பெருமைதான். மூத்தவரு பொன்னரசு, சேந்தமங்கலத்துல மருந்துக்கடை. வாங்கி எட்டு மாசம்கூட ஆகாத கறுப்புக் காரு. சின்னவரு மதிவாணன், ராசிபுரத்துல வாத்தியாரு. அவரோடது பன்னெண்டு வருசத்துச் சிவப்புக் காரு. வெயில்ல வெளுத்து, துவைச்சுத் துவைச்சு நைஞ்ச பாவாடை மாதிரி இருக்கும்.

தை மாசம் என் மகன் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு மூத்த மருமகன் காருதான் போகணும், எங்க வீட்டு வழக்கம் அது. மூத்தவரு புதுக்காரு எடுத்ததே அதுக்குத்தான்.

தீபாவளிக்கு ரெண்டு பேரும் வந்தாங்க. சின்னவரு வண்டி வாசல்ல வந்து நிக்குது... அம்மாடி! அந்த வெளுத்த காரா இது? குங்குமத்தைக் கரைச்சு ஊத்துன மாதிரி செக்கச் செவேல்னு! நான் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்தேனா?

"என்ன மாப்பிள்ளை, புது வண்டியா? என் மூஞ்சி தெரியுதே இதுல!"

பக்கத்துல மூத்தவரு நிக்கிறாரு. என் மகன் வேற சின்னவரைப் பாத்துச் சேர்ந்துக்கிட்டான். "மாமா, பேசாம அழைப்புக்கு உங்க வண்டியிலயே வந்துடவா?"

விளையாட்டுக்குச் சொன்னதுதான். ஆனா அன்னிக்கு இலையில மூத்தவருக்குச் சோறு இறங்கல. "உடம்பு சரியில்லீங்களா மாப்பிள்ளை?"ன்னு கேட்டேன். "அதெல்லாம் இல்லீங்க அத்தை"ன்னாரு. சொல்லும்போதே கண்ணு வாசலுக்குப் போவுது.

"சகலை, எப்படிய்யா செஞ்ச?"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? கேக்க மாட்டாரே! கேட்டா சகலை பெரியாளாயிடுவாரே! அதனால என்ன செஞ்சாரு? எல்லாரும் சாப்பிட்டுப் படுத்த மத்தியான நேரத்துல, சின்னவரு வண்டி டிக்கியைத் திறந்து, உள்ள இருந்த பாட்டிலு, தேய்க்கிற மெஷினு, அதுல மாட்டுற பஞ்சு வட்டம்னு எல்லாத்தையும் போன்ல போட்டோ புடிச்சாரு. மருந்துக்கடை முதலாளி... திருட்டுப் பூனை மாதிரி!

தீபாவளி கழிஞ்சதும் நேரா சேலம், கார் சாமான் கடை. கடைக்காரரு பதமாத்தான் கேட்டாரு. "என்ன வண்டிங்க சார்? எத்தனை வருசம் ஆச்சு? பெயிண்ட் எப்படி இருக்கு?"

"அதெல்லாம் உனக்கு எதுக்கு? இந்தப் போட்டோவுல இருக்கறதைக் குடு. இதைவிட வலுவா ஏதாச்சும் இருந்தா, அதைக் குடு!"

கேட்டீங்களா? இதைவிட வலுவா!

அழைப்பு அன்னிக்குப் புதுசா மின்னணும்னு, கல்யாணத்துக்கு ரெண்டு நாளுக்கு முன்னால ஆரம்பிச்சாரு. மொட்டை வெயிலு. வண்டியில தூசி இருக்கு. அதைக் கழுவக்கூட இல்ல. அரைச்ச மணல் மாதிரி இருக்கிற காம்பவுண்டுங்கிற தேய்ப்பு மருந்தை அப்பி, மெஷினை முழு வேகத்துல வச்சு, பானெட்டு மேல ஒரு அமுக்கு...

போச்சு! கறுப்பு முழுக்க சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாக் கீறலு. ஓரத்துல டிபன் தட்டு அகலத்துக்குப் பெயிண்டே இல்ல. எம்மக போன்ல அழுவுறா. "அம்மா, இவரு காரு முன்னாடியே உக்காந்துட்டாரும்மா, எந்திரிக்கவே மாட்டேங்கிறாரு!"

சின்னவரு விசயம் கேட்டு ஓடி வந்தாரு. பாத்தாரு. அப்புறம் பக்கத்துலயே உக்காந்துட்டாரு.

"அண்ணே, அந்த மருந்து என் வண்டிக்கு வாங்குனது. பன்னெண்டு வருச வெயிலு தின்ன பெயிண்ட்டு. மேல இருக்கிறதைச் சீவி எடுத்தாத்தான் உள்ள நிறம் வரும். உங்க வண்டிக்கு ஒரு கார் ஷாம்பு, ரெண்டு வாளி, மெத்து மெத்துன்னு ரெண்டு துணி, அது போதுமேண்ணே! ஏண்ணே என்னைக் கேக்கல?"

"உன்னை எப்படிய்யா கேப்பேன்? வயிறு எரிஞ்சுக்கிட்டு இருக்கும்போது?"

சின்னவரு சிரிச்சுட்டாரு. "நான் மட்டும் ஏன் அந்த மெஷினை வாங்கினேன்? உங்க புது வண்டி வந்த அன்னிக்கு எனக்கும்தான் சோறு இறங்கல. ஒரு மாசம் பழைய கதவு ஒண்ணுல தேய்ச்சுப் பழகிட்டுத்தான் என் வண்டியிலயே கை வச்சேன்."

கடைசியில அழைப்புக்குச் சிவப்பு வண்டிதான் போச்சு. வழக்கம் விடக்கூடாதுன்னு மூத்தவரை ஓட்டச் சொன்னாரு சின்னவரு. ஓட்டினாரு. ஆனா பாருங்க... அப்பவும் ரோட்டைப் பாக்காம அந்தப் பானெட்டையே பாத்துக்கிட்டு ஓட்டினாரு மனுசன்! பொறாமை ஒரே நாள்ல போயிடுமா?

இப்ப சொல்லுங்க. ரெண்டு பேருக்கும் வயிறு எரிஞ்சது. அப்புறம் ஏன் ஒரு வண்டி மின்னுச்சு, ஒரு வண்டி பாழாச்சு? சின்னவரு பொறாமைப்பட்டாலும் தன் வண்டியைப் பாத்து மருந்து வாங்கினாரு. மூத்தவரு அடுத்தவன் டிக்கியைப் பாத்து வாங்கினாரு. அவ்வளவுதாங்க வித்தியாசம்.

பொறாமைப்படாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். எனக்கே இன்னும் போகல, உங்களை என்ன சொல்ல? ஆனா சாமான் வாங்கப் போகும்போது அதைக் கூடக் கூட்டிட்டுப் போகாதீங்க. முதல்ல கழுவுற சாமானை வாங்குங்க. லேசான மருந்துல ஆரம்பிங்க. அதுல போகலைன்னா அடுத்ததுக்குப் போகலாம். உரிச்சு எடுத்த பெயிண்ட்டை யாரும் திருப்பி ஒட்ட முடியாது.

ரேணுகா... நிமிந்து பாரு தாயி. நாளைக்குக் கடைக்காரரு, "என்ன வண்டி? பெயிண்ட் எப்படி இருக்கு?"ன்னு கேப்பாரு. அப்ப போனைத் திறந்து பைபாஸ் கார் வாஷ் மெஷின் போட்டோவைக் காட்டாத. உன்கிட்ட வரப்போற வண்டியைப் பத்திச் சொல்லு.