முத்தம்மாள் அக்காவிடம் நான் சொன்ன பொய்

என் பேச்சு நீண்டுவிடுமோ என்று இப்போதே கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்க்கும் விழாத் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா தட்சணாமூர்த்தி அவர்களே! ஞாயிறுதோறும் தன் கேபிள் ஆபீசின் கதவையும் தன் மனத்தின் கதவையும் ஒருசேரத் திறந்து வைக்கும் அண்ணன் காசிலிங்கம் அவர்களே! வெயிலில் வெந்து, வெள்ளை விளைவித்து, அந்த வேர்வை காயும் முன்னே இங்கு வந்து அமர்ந்திருக்கும் உப்பளத்துத் தாய்மார்களே! பிரம்மதேசத்திலிருந்தும் பெருமுக்கல்லிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் பெரியோர்களே! 'இந்தப் பொண்ணு இன்னாத்தப் பேசப்போவுது' என்று பின்வரிசையில் முணுமுணுக்கும் அண்ணன்மார்களே! 'ஒன்பதாவது கலம்' தொடரின் மரக்காணம் ரசிகர் பேரவை உறவுகளே! பஸ் ஸ்டாண்டு எதிரில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் சகாயசெல்வியாகிய நான் உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

என்னங்க? காத்துல பேப்பர் ஆடுதுன்னா சொல்றீங்க? இல்லைங்க. காத்து இல்லை. கைதான்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, 'விண்வெளித் தொடர்கள் நமக்கு வழங்கும் நன்மைகள்'. மூன்று பக்கம் எழுதியும் வந்தேன். ஆனால் மேடையேறிய பிறகு மூன்றாம் வரிசையைப் பார்த்தேன். அங்கே ஒருவர் அமர்ந்திருக்கிறார். அவரைப் பார்த்தபின் இந்த மூன்று பக்கத்தையும் படிக்க என் நாக்கு மறுக்கிறது. அதனால் நடந்ததைச் சொல்லப் போகிறேன். அவர் பாதியில் எழுந்து போய்விடலாம். போனால் போகட்டும், சொல்லிவிடுகிறேன்.

அவர் பெயர் முத்தம்மாள். நாற்பத்து நான்கு வயது. இருபத்தாறு ஆண்டுகளாக உப்பளத்தில் பலகை பிடித்து உப்பு வாரும் கை. எனக்கு ரத்த சொந்தமில்லை, ஆனால் அக்கா. போன ஆண்டு ஜூன் மாதம் டிவியில் 'ஒன்பதாவது கலம்' தொடங்கியபோது, காசிலிங்கம் அண்ணன் ஆபீசில் முதல் நாளே முதல் ஆளாய் வந்து உட்கார்ந்தவர். அழிந்துபோன உலகத்திலிருந்து எண்ணூறு பேரை ஏற்றிக்கொண்டு, இறங்க ஓர் இடம் தேடி விண்ணில் அலையும் கப்பலின் கதை அது. அந்தக் கதையை அக்காவைப்போல் காதலித்தவர் இந்த ஊரில் உண்டா? இந்தத் தாலுகாவில் உண்டா?

அக்காவுக்கு எதிராளி, உப்பு லாரியில் லோடு ஏற்றும் மாயவன் அண்ணன். ஆமாம், கை தூக்குகிறாரே, அவரேதான்! அவருக்குக் கப்பல் பிடிக்காது. பறக்கும் நாயகன் இடிக்கரத்தான் படங்கள்தான் அவருக்கு உயிர். எந்தப் பாகத்தில் எந்த நிமிடத்தில் எந்தக் கட்டிடம் சரிந்தது என்று சொல்வார். ஒரு தகவல் தப்பாக வந்தால் ஊரைக் கூட்டித் திருத்துவார்.

"பறக்கத் தெரிஞ்சவனுக்குக் கப்பல் எதுக்குக்கா?" என்பார்.

அக்கா விடுவாரா? "ஏம்பா, பறக்கறவன் எத்தினி பேரைத் தூக்குவான்? ரெண்டு கையில ரெண்டு பேரு. மீதிப் பேரு? கடல் உள்ளே வந்தன்னிக்கு எவன் பறந்து வந்தான்? ஒரு கப்பல் வந்திருந்தா ஊரே ஏறியிருக்கும்."

சுனாமி அலை வந்துபோய் ஓராண்டுகூட ஆகவில்லை அப்போது. நாங்கள் படம் பேசினோம் என்று நினைக்கிறீர்களா? பயம் பேசினோம். படத்தின் பெயரைச் சொல்லிப் பயம் பேசினோம்.

இந்தச் சண்டை ஞாயிறுக்கு ஞாயிறு நடந்தது. ஜனவரியில் ஒரு நாள், மாயவன் அண்ணன் கிண்டலாய்ச் சொன்னார்: "உங்க கப்பல் தலைவி செவப்புச் சட்டைக்கு மாறினதுலேர்ந்து கப்பலுக்கு நேரமே சரியில்லக்கா."

"எந்தச் செவப்பு? நீலம்தானே போட்டிருக்குது" என்றார் அக்கா.

"ரெண்டு மாசமா செவப்பு."

"நீலம்டா!"

எதிரே டிவி ஓடிக்கொண்டிருக்கிறது. திரை முழுக்கத் தலைவியின் சட்டை. சிவப்பு! ரத்தச் சிவப்பு! அதைப் பார்த்தபடியே அக்கா சொல்கிறார், நீலம் என்று. மாயவன் அண்ணன் சிரிக்க வாயெடுத்தவர், சிரிக்கவில்லை. காசிலிங்கம் அண்ணன் எழுந்துபோய் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

அக்கா மெதுவாகச் சொன்னார். "நாலஞ்சு மாசமா எல்லாம் வெள்ளையாத்தான் இருக்குது. பாத்தியும் வெள்ளை, வானமும் வெள்ளை, டிவியும் வெள்ளை. பேச்சுக் கேக்குது, அத வெச்சிப் பாத்துக்கறேன். மேஸ்திரி கிட்ட சொல்லிடாதீங்க. வேலைக்கு வராதன்னுடுவான்."

தாய்மார்களே, நான்கு மாதம் ஒரு பெண் அந்த வெள்ளைக்குள் உட்கார்ந்து எங்களோடு வழக்காடியிருக்கிறார், நாங்கள் ஒருவரும் அறியவில்லை. அறியாத எங்களுக்குக் கண் இருந்து என்ன பயன்?

அன்று முதல் நான் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். திரையில் தெரிவதைக் காதோரம் சொன்னேன். சொல்வது சுலபமா? "செவப்புன்னா எந்தச் செவப்புடி? மொளகா செவப்பா, செங்கல் செவப்பா?" என்பார். "நட்சத்திரம் நெறைய இருக்குதுன்னு சொல்லாத, எந்தப் பக்கம் இருக்குது சொல்லு" என்பார். பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டியில் வாங்கிய பரிசெல்லாம் பரிசல்ல. "நீ சொன்னா பாத்த மாதிரியே இருக்குதுடி" என்றாரே அக்கா, அதுதான் என் பரிசு!

பிப்ரவரியில் ஊருக்குக் கண் முகாம் வந்தது. அக்காவை இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் அம்மா பார்த்தார். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் முற்றிவிட்டது. "இன்னும் தள்ளிப்போட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். ஏறிவிட்டால் பார்வை திரும்பாது. பாண்டிச்சேரிக்கு வாங்க, இலவசமாகவே ஆபரேஷன்" என்றார். அக்கா முடியாது என்றார். மறுபடி கேட்டேன், முடியாது என்றார். அவருடைய நாத்தனார் எப்போதோ எங்கேயோ கண்ணைக் காட்டப் போய், இருந்த பார்வையையும் தொலைத்துவிட்டு வந்தவராம். "இப்ப வெளிச்சமாச்சும் தெரியுது. அதுவும் போயிட்டா நான் எங்கடி போவேன்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை உப்பில் ஊறிக் காய்த்த கை.

அப்படியும் முகாம்காரர்கள் கடைசியாக ஒரு தேதி கொடுத்தார்கள். மார்ச் மாதம், வியாழக்கிழமை.

அதற்கு முந்திய ஞாயிறு. கப்பலுக்கு வழிகாட்டும் மாலுமி ஓரான், வெடி விபத்தில் பார்வை இழந்துவிட்டான். கப்பல் மருத்துவர் சிகிச்சை செய்கிறார். கண்ணில் கட்டு. கடைசி ஆறு நிமிடம் யாருக்கும் வசனமே இல்லை, வெறும் இசை! அக்கா என் தோளில் விரல் பதித்து, "இன்னாடி ஆவுது? இன்னா ஆவுது?" என்கிறார். சொல்லிக்கொண்டே வருகிறேன். கட்டை அவிழ்க்கிறார்கள், அக்கா. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. தலைவி கைகூப்பி நிற்கிறாள். ஓரான் கண்ணைத் திறக்கிறான்.

திறந்தான். கையை நீட்டினான். சுவரைத் தடவினான். பார்வை வரவில்லை.

என் தோளில் அக்காவின் விரல் அழுந்துகிறது. நான் சொன்னேன்: "பாத்துட்டான்க்கா! தெரியுது அவனுக்கு! ஜன்னல் வழியா நட்சத்திரத்தைப் பாக்கிறான்!"

சொல்லிவிட்டு நிமிர்ந்தால், அறை முழுக்க என்னையே பார்க்கிறது. மாயவன் அண்ணன் வாயைத் திறக்கிறார். ஒரு கட்டிடம் எந்த நிமிடத்தில் சரிந்தது என்பதில்கூட விட்டுக்கொடுக்காதவர் அவர்! என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். "ஆமாம்க்கா" என்றார், "பாத்துட்டான். அழுவுறான்."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வியாழக்கிழமை போலாம்டி" என்றார்.

அடுத்த நான்கு நாள் நான் பட்ட பாடு கடலுக்குத் தெரியும்! டீக்கடையில் நாலு பேர் ஓரான் கதையை எடுத்தால் நான் ஓடிப்போய்ப் பேச்சை மாற்றுவேன். புதன்கிழமை மறுஒளிபரப்பு நேரத்தில் காசிலிங்கம் அண்ணன் அக்கா இருக்கும் தெருவுக்கு மட்டும் லைனைப் பிடுங்கிவிட்டார். மன்னியுங்கள், அந்தத் தெருக்காரர்களே! அன்று போனது லைன் அல்ல, எங்கள் மானம்!

வியாழன் காலை பாண்டிச்சேரி பஸ். கூனிமேடு தாண்டியிருக்கும். முன் சீட்டில் இரண்டு காலேஜ் பையன்கள்.

"ஓரான் பாவம்டா. ஆபரேஷன் பண்ணியும் கண்ணு போச்சே."

நான் சத்தமாக இருமினேன். ஜன்னலைத் தட்டினேன். "அக்கா, இட்லி சாப்பிட்டீங்களா?" என்று கத்தினேன். அக்கா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார். காதில் விழவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்ள விரும்பினேன்.

ஆஸ்பத்திரி வாசற்படி. மூன்றாவது படியில் அக்கா நின்றுவிட்டார். "செல்வி, ஓரானுக்குப் பார்வை வந்துச்சா இல்லியா?"

உள்ளே அக்காவின் பெயரைக் கூப்பிடுகிறார்கள். இன்னொரு பொய் சொன்னால் உள்ளே போய்விடுவார். உண்மை சொன்னால் திரும்பிவிடுவார். திரும்பினால் அந்தக் கண் போய்விடும். நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? சொல்லுங்கள், தாய்மார்களே! ... பொய்யா? நன்மைக்குத்தானே என்கிறீர்களா, அம்மா? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் என் முகத்தையே பார்க்க முடியாத அந்தக் கண்கள் என் முகத்தை நோக்கித் திரும்பியிருந்தன. என்னால் முடியவில்லை.

"வரலக்கா" என்றேன்.

அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. திட்டவில்லை. "உன்னை என் கண்ணுன்னு நெனச்சேனேடி" என்றார்.

ஐயா, நான் அடி வாங்கியிருக்கிறேன். அலை அடித்த நாளில் வேலிக் கம்பி கிழித்த தழும்பு இன்னும் என் காலில் இருக்கிறது. அதெல்லாம் வலியா? இது வலி!

நர்சம்மா இரண்டு முறை வந்து கூப்பிட்டுப் போனார். பிறகு அக்கா சுவரைப் பிடித்து எழுந்தார். நான் கை நீட்டினேன். அதைத் தள்ளிவிட்டார்.

"திரும்பிப் போயிட்டா, அடுத்த ஞாயித்துக்கெழமையும் உன் வாயைப் பாத்துத்தான் நான் உக்காந்திருக்கணும். நீ எது நெஜம் சொல்ற, எது பொய் சொல்றன்னு எனக்கு எப்படித் தெரியும்? போனா போவட்டும். என் கண்ணாலயே பாக்க முடியுதான்னு பாக்கறேன்."

படியைத் தடவித் தடவித் தனியாக ஏறி உள்ளே போனார். என் பொய் அவரை அழைத்துப் போகவில்லை. என் உண்மையும் அழைத்துப் போகவில்லை. தன் பயத்தைத் தன் கையில் பிடித்துக்கொண்டு தானாகவே நடந்தார். திரையில் ஆயிரம் வீரரைப் பார்த்திருக்கிறேன். அந்தப் படியில் ஏறிய காலைப்போல் ஒரு காலை நான் கண்டதில்லை!

மறுநாள் கட்டு அவிழ்த்தபோது நான் கதவோரம் நின்றேன். ஜெபம் செய்தேன், பாதியில் வார்த்தை மறந்துபோனது. நர்சம்மா விரலைக் காட்டி எத்தனை என்றார். அக்கா தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு அக்கா சொன்னார்: "மூணு. நடுவிரல்ல மோதிரம் போட்டிருக்கீங்க. பச்சைக் கல்லு."

கைதட்டுங்கள்! என்னால் அன்று தட்ட முடியவில்லை. எனக்காகத் தட்டுங்கள்!

அக்கா அந்த ஞாயிறு கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். தலைவியின் சட்டையைப் பார்த்து, "ஏம்பா, இது மொளகா செவப்புதான்" என்றார் மாயவன் அண்ணனிடம். என்னிடம் பேசவில்லை. ஏழு மாதமாகிறது. உப்பளத்து வேலைக்குப் போகிறார், தொடர் பார்க்கிறார், சண்டை போடுகிறார். என் கடையைத் தாண்டும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அந்த முகம் திருப்பலில்கூட எனக்கு ஒரு நிம்மதி. என்னைப் பார்த்துவிட்டுத்தானே திருப்புகிறார்!

பெரியோர்களே, உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார், வெளிச்சம் வெள்ளையாகிப் போனதை வெளியே சொல்லாமல். அவரிடம் கேளுங்கள். கேட்டு, அழைத்துப் போங்கள். பயப்படுகிறவரிடம் பொய் சொல்லாதீர்கள். பயத்தைத் தாங்கத் தெரிந்தவருக்கு உண்மையையும் தாங்கத் தெரியும். அதை நம்பாமல் போனதுதான் நான் செய்த குற்றம். அக்காவின் துணிச்சலை எடை போட நான் யார்? அவருக்குத் தெரியாமல் அவருடைய கதையின் முடிவை மாற்ற நான் யார்?

வருகிற வியாழக்கிழமை அக்காவுக்கு இடது கண்ணில் ஆபரேஷன். துணைக்கு யாரையும் கூப்பிடவில்லை என்று கேள்விப்பட்டேன். இந்த மேடையில், இந்த மைக்கில், இத்தனை பேர் முன்னால் கேட்கிறேன். முத்தம்மாள் அக்கா, என்னை மன்னிக்க வேண்டாம். என்னோடு பேசவும் வேண்டாம். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் நான் உட்காரலாமா?

... கொஞ்சம் அமைதியா இருங்க. அக்கா எழுந்து நிக்கிறாங்க. போயிடாதீங்கக்கா! ... என்னக்கா? மைக்ல கேக்கல. பின்னால சத்தம் போடாதீங்கப்பா, தயவு செஞ்சு! ... மாயவன் அண்ணா, அக்கா இன்னா சொன்னாங்க?

... 'ஆறே கால் பஸ்ஸு. லேட்டா வந்தா உட்டுட்டுப் போயிடுவேன்' என்கிறார் என் அக்கா!

ஆறு மணிக்கே நிற்பேன், அக்கா.

தலைவர் ஐயா, மணி அடித்துவிட்டீர்கள், கேட்டது. மன்னியுங்கள், இதற்குமேல் எனக்கும் பேச்சு வரவில்லை. பொறுத்துக் கேட்ட காதுகளுக்கும், கூடவே பொய் சொன்ன, கூடவே கலங்கிய நண்பர்களுக்கும் நன்றி. நல்ல பார்வையோடு எல்லோரும் வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.