காராமணி இல்லாத சோளக் கொல்லை

கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் நம் சங்கத் துணைத் தலைவர் மனோகரன் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அங்கம்மா அண்ணி அவர்களே, எண்ணூரிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் பால் கறந்த கையோடு வந்திருக்கும் மாடு வளர்ப்போரே, உங்கள் எல்லோருக்கும் இந்தச் சாபிராவின் வணக்கம்.

நம் சங்கத் தலைவர், தீவனச் செம்மல் ஜெயவேல் அண்ணன் போய்விட்டார். அந்தப் பட்டம் நாம் கொடுத்தது. "செம்மல் இன்னாத்துக்கு சாபிரா? கொல்லைக்கு ஆளுக்கு ஒரு கூடை சாணி குட்த்தா போதும்" என்று சிரித்தவர் அவர்.

அவர் வருவதற்கு முன் நம் மாடுகள் எதைத் தின்றன? குப்பைமேட்டைத் தின்றன. என் சினைமாடு செத்து, வயிற்றை அறுத்துப் பார்த்தபோது உள்ளே அத்தனையும் பிளாஸ்டிக் பை. அன்று என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதவர் ஜெயவேல் அண்ணன். துறைமுக வேலையில் ஓய்வு பெற்ற மனிதர், மூடிக் கிடந்த கம்பெனிக்குப் பின்னால் இருந்த இந்தக் காலி இடத்தை, தீவனம் பயிரிட என்று உடையவரிடம் நடையாய் நடந்து கேட்டு வாங்கினார்.

அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த மண் இது. முதலில் வெறும் சோளம் விதைத்தார். சோளத்தை அமுக்கிக் கோரை எழுந்தது. அடுத்த முறை இரண்டு வரிசை சோளம், நடுவில் ஒரு வரிசை காராமணி. நாம் கேலி பேசினோம். அவர் என்ன சொன்னார்?

"நடுவுல எடத்த காலியா வுட்டீனா கோரை வந்து குந்திக்கும். அதுக்கு முன்னாடி காராமணிய குடி வெச்சுடு. சோளம் மேல போவும், இது கீழ படரும், ரெண்டுக்கும் சண்ட வராது."

சண்டை வரவில்லை. காராமணி நிழலில் கோரை சுருண்டது. சோளத்தட்டையும் காராமணிக் கொடியுமாகச் சேர்த்து அறுத்துப் போட்டோம்; மாடுகள் குப்பைமேட்டை மறந்தன. கடையில் வாங்கிய காராமணி இந்த மண்ணில் பாதிக்குமேல் கருகிவிடும். தப்பிப் பிழைத்த செடிகளை மட்டும் அறுக்காமல் விட்டு, விதையெடுத்து, மறுபடி விதைத்து, இந்த மண்ணுக்கென்றே ஒரு விதையை உண்டாக்கினார். இந்த முறையும் விதைக்காக அப்படி விட்டிருந்தார். காய் முற்றுவதற்குள் மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது.

இன்று காலையில் நான் வந்தபோது பந்தல் போட்டிருந்தது. சோளத்துக்கு நடுவே மண் பளிச்சென்று தெரிந்தது. காராமணி ஒன்றுகூட இல்லை.

மனோகரன் அண்ணனைக் கேட்டேன். "அண்ணன் படம் தொறக்குற எடம், பொதராட்டம் கீதேன்னு பசங்கள வுட்டு சுத்தம் பண்ணேம்மா. களைன்னு நென்ச்சுட்டேன்" என்றார். சொல்லும்போதே அவருக்கு விளங்கிவிட்டது. தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவரை யாரும் ஏச வேண்டாம். பெரியவருக்குப் படத்திறப்பு என்றால் இடத்தைப் பெருக்கிச் சுத்தம் செய்வதுதானே நம் ஊர் வழக்கம்? மரியாதை செய்யத்தான் வந்தோம். அந்த மரியாதையிலேயே அவரை இரண்டாம் முறை சாகடித்தோம்.

பிடுங்கிப்போட்ட குவியலில் ஒவ்வொரு காயாக உரித்துப் பார்த்தேன். எல்லாம் பிஞ்சு. வைத்தால் ஒன்றும் முளைக்காது. அண்ணன் வீட்டில் பழைய விதை இருக்கிறதா என்று அங்கம்மா அண்ணியைக் கேட்டேன். "எல்லாத்தயும்தான் வெதச்சுட்டுப் பூட்டாரே" என்றார்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று சூளுரைத்துத்தான் இரங்கல் கூட்டத்தை முடிப்பார்கள். எதை வைத்துச் சூளுரைப்பது? அவருடைய உழைப்பெல்லாம் அந்த விதைக்குள் இருந்தது. எனக்கு நம்பிக்கை இல்லை, தோழர்களே. இல்லாததை இருக்கிறது என்று அவர் படத்துக்கு முன்னால் நின்று சொல்ல மாட்டேன்.

நாளைக் காலையில் கோரை பிடுங்க வருவேன். கடை விதையை வாங்கி மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன். எத்தனை பிழைக்கும் என்று தெரியாது. வருகிறவர்கள் வாருங்கள்.

பூப்போட்டுவிட்டுப் போகும்போது பாருங்கள், பந்தலுக்குப் பின்னால் அந்தக் காராமணிக் குவியல் கிடக்கிறது. இன்னும் வாடவில்லை. ஆளுக்கொரு கை அள்ளிக்கொண்டுபோய் உங்கள் மாட்டுக்குப் போடுங்கள். அண்ணன் வளர்த்த தீவனம் இனி அவ்வளவுதான்.