மூணாவது மாடியில ஒரு கடை

— இன்னும் எத்தனை மாடிதான் ஏறணும்?

— ஒண்ணே ஒண்ணு. வாங்க.

— எஸ்கலேட்டர் இருந்தும் படியேறணும்னு என் தலையெழுத்து.

— கரண்ட் செலவுன்னு நிறுத்திட்டாங்களாம். புலம்பாம வாங்க.

— லீவு போட்டுட்டு வந்திருக்கேன், தெரியுமில்ல? ஈ காக்கா இல்லாத இந்த மாலுக்கு...

— திறந்த புதுசுல நீங்கதானே கூட்டிட்டு வந்தீங்க?

— அப்போ நிக்க இடம் இருந்துதா? எஸ்கலேட்டர்ல கால் வைக்கவே வரிசை. நீ வேற பயந்து, என் சட்டையைப் பிடிச்சு இழுத்து...

— பட்டன் தெறிச்சதை இன்னுமா மறக்கல?

— புதுச் சட்டை! இப்ப பாரு... தியேட்டர் மூடியாச்சு, பொம்மைக்கடை மூடியாச்சு...

— எல்லாரும் போன்லயே வாங்கினா?

— உன் பொண்ணைச் சொல்லு. தினம் ஒரு பார்சல்.

— வந்ததுல ஒண்ணாவது அளவு சரியா இருக்கா? இடுப்பு லூசு, கை நீளம்... நான்தான் பிரிச்சுப் பிரிச்சுத் தைக்கறேன்.

— அதுக்கும் நாம இங்க வந்ததுக்கும்... ஏய், என்ன சாவி அது?

— கத்தாதீங்க.

— ஷட்டரைத் தூக்கற! யாரு கடை?

— நம்ம கடை.

— என்னது?

— துணியை அளவு திருத்திக் குடுக்கற கடை. வாடகை முன்ன மாதிரி இல்லங்க, பாதிக்கும் கீழ. பக்கத்துல பல் டாக்டர் வந்துட்டார். எதிர்ல டியூஷன் சென்டர். பிள்ளைங்களை உள்ள விட்டுட்டு அம்மாங்க எல்லாம் வெளிய சும்மாதான் உக்காந்திருக்காங்க.

— என்னை ஒரு வார்த்தை...

— கேட்டிருந்தா, 'பேசாம வீட்ல கெட'ன்னு சொல்லியிருப்பீங்க.

— சொல்லத்தான் சொல்லியிருப்பேன்! எல்லாரும் காலி பண்ணிட்டு ஓடற இடத்துல, நீ மட்டும் பெட்டியைத் தூக்கிட்டு உள்ள வர்ற! உனக்குப் புத்தி கித்தி...

— மெஷின் வந்தாச்சு. உள்ள பாருங்க.

— மெஷின் வேற வாங்கியாச்சா!

— திட்டறதுன்னா திட்டிடுங்க.

— ஒருத்தியா எப்படிச் சமாளிப்ப? அளவு எடுக்கணும், தைக்கணும், வர்றவங்களுக்குப் பதில் சொல்லணும்...

— ஒரு ஆள் போட்டுக்கலாம்னு...

— ஆளெல்லாம் வேணாம். நான் வரேன்.

— நீங்களா? அப்போ ஆபீஸ்?

— அதை மூடி ஒரு மாசமாச்சு. தினம் நீ கட்டிக் குடுக்கற சாப்பாட்டை... கீழ, மூடிக் கிடக்கற செருப்புக்கடை வாசல்ல உக்காந்துதான் சாப்பிட்டுட்டு வரேன்.