பேராசிரியரின் முன்பல்

"பல்லு ஆடுதுன்னு காலேஜ்ல யார்கிட்டயும் சொல்லிடாத."

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் இருந்தவர் மனைவியிடம் சொன்னார். மடியிலிருந்த டிரம்பெட் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அவர் டிரம்பெட் கற்றுத்தரும் பேராசிரியர் என்பது போகப்போகப் புரிந்தது.

"எந்தப் பல்லு?"

"மேல, நடுப்பல்லு. டிரம்பெட் அதுமேலதான் நிக்குது."

"திடீர்னு எப்படிங்க?"

"கிளாசிக்கல் வாசிச்ச வரைக்கும் உதட்டுல பட்டும் படாமதான் வெச்சு ஊதினேன். ஜாஸுக்குப் போனப்புறம் உச்சத்துல ஊதணும்னு அழுத்த ஆரம்பிச்சேன். இத்தனை வருஷமா அழுத்திட்டே இருந்திருக்கேன்."

"பசங்கள அழுத்தாதீங்கடான்னு திட்டுவீங்களே."

"இப்பவும் திட்றேன்."

"டாக்டர்கிட்ட போலாங்க."

"புடுங்கிடுவாரு. வேற பல்லு கட்டினா உதடு மறுபடி முதல்லேர்ந்து பழகணும். பழகலன்னா?"

பெருமுக்கல் தாண்டியதும் அந்தம்மாவுக்கு அவர் அம்மாவிடமிருந்து போன் வந்தது.

"வந்துட்டே இருக்கோம்மா. நண்டா? அவருக்கு வேணாம்மா, வயிறு சரியில்ல."

போனை வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தார்.

"நாளைக்கு கோயில் திருவிழால மெதுவா ஊதுங்க."

"உங்க ஊரு கடல் காத்துல மெதுவா ஊதினா யாருக்குக் கேக்கும்?"

உப்பளம் தெரிய ஆரம்பித்த இடத்தில் வரிசையாக வேகத்தடைகள். ஒவ்வொன்றுக்கும், டிரைவர் பிரேக் போடுவதற்கு முன்பே, அவர் பெட்டியை விட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.