செத்துப்போன வால்வ் ஆம்ப்

"செத்துப்போச்சுனு நாம வித்த பழைய வால்வ் ஆம்ப்ளிஃபயர், நேத்து ஹட்டன் கல்யாணத்துல பாடுதுண்ணே."

பொகவந்தலாவை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருவர். சொன்னவரின் மடியில் கித்தார்.

"யாரு ரிப்பேர் பண்ணுனா?"

"வாங்குனவன்கிட்ட அதான் கேட்டேன். 'என்ன ரிப்பேர்? பிளக்கை சொருகுனேன், பாடுது'ங்கிறான்."

"நம்ம சர்ச்சுல சத்தம் அமுங்கியே கெடந்துச்சே?"

"நாம பிராக்டிஸ் வச்சதெல்லாம் தேயிலை ஃபேக்டரி ஓடுற நேரம்ணே. சர்ச்சுக்கும் அதே லைன்தான், மெசினுங்க கரண்டை இழுத்துக்கும். ஆம்புக்கு எங்க மிச்சம்?"

அண்ணன் பனி படிந்த ஜன்னலை உள்ளங்கையால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அதுக்குப் பதிலா வாங்குன டிஜிட்டல் ஆம்புலயும் பழைய வால்வ் சத்தம் மாதிரியே வர்றதுக்குனு ஒரு பட்டன் இருக்குல்ல?"

"இருக்கு. காலையில அமுக்கிப் பாத்தேன். அந்தச் சத்தத்துக்குப் பக்கம் வரைக்கும்தான் வருதுண்ணே."